நண்டு இல்லாத சதுரம்

"ஒண்ணுமே இல்லக்கா..."

சேற்றில் நின்றுகொண்டு என் மச்சான் பிரபு இதைச் சொன்னபோது அவன் குரல் கம்மிவிட்டது. துக்கச் செய்தி கொண்டுவந்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். பக்கத்தில், அதே சேற்றில், மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்ற என் மனைவி கலா என்ன செய்தாள் தெரியுமா?

"ஒண்ணுமே இல்லியா? சூப்பர்டா!" என்று கத்தினாள்.

கிள்ளைக்குப் பக்கத்தில் சுரபுன்னைக் காடு. காலை நேரம். தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. படகில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவுக்குக் காவல் இருந்த எனக்கு ஒரு நிமிஷம் பயமாகப் போய்விட்டது. வெயில் தலைக்கு ஏறிவிட்டதா? எங்கள் வீட்டில் கேஸ் இல்லை, பால் இல்லை, டேங்கில் தண்ணீர் இல்லை — எதற்குமே அவள் சூப்பர் சொன்னது கிடையாது. அதற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது வேறு.

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

கலா சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் டீச்சர். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி.க்குப் பதிவு செய்தாள். அது எங்கள் மகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்த காலம். மகள் இப்போது சென்னையில் சம்பளம் வாங்குகிறாள். பி.எச்டி. மட்டும் முடிந்தபாடில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? மகளுக்கு ப்ளஸ் டூ வந்தது. என் அம்மா படுத்த படுக்கையானார்கள். அப்புறம் லாக்டவுன். அப்புறம் இவளுக்கே முழங்கால் ஆபரேஷன். கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு உட்காரும் வீட்டுப் பெண்கள் இருப்பார்களே... அப்படித்தான் இவள் படிப்பும் காத்துக்கிடந்தது. இப்போது கிடைத்திருப்பது கடைசி நீட்டிப்பு. பொங்கலுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஆய்வு எதைப் பற்றி? உப்பங்கழிச் சேற்றில் ஒரு சின்ன நண்டு உண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பை விடப் பெரிதாக இருக்கும். அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். ஓட்டு கேட்டு வேனில் போகிறவர் கையசைப்பது மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு 'ஒத்தக்கை' என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த ஒத்தக்கை எந்தெந்த இடத்தில் ஜாஸ்தி, எங்கே குறைவு, ஏன் அப்படி — இதுதான் கலாவின் கேள்வி.

இதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். "ஏங்க, பந்தியில ஜனம் எப்டி உக்காருது?" என்றாள் கலா. யோசித்துப் பாருங்கள். ஃபேனுக்குக் கீழே முதலில் நிரம்பும். அங்கே நெரிசலானதும் பாயசம் சீக்கிரம் வருகிற வரிசைக்கு ஓடுவோம். அதுவும் நிரம்பினால்தான் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், வேறு வழியில்லாமல். நண்டும் அப்படித்தானாம். நல்ல சேறு, அளவான தண்ணீர், கொஞ்சம் வெயில் இருக்கிற இடம் முதலில் நிரம்பும். கூட்டம் ஏற ஏற, சுமாரான இடம்கூடப் பரவாயில்லை என்றாகிவிடும். சில இடம் கடைசி வரை காலியாகவே கிடக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மேப்பில் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிக்குப் போனை வைத்துக்கொண்டு போக வேண்டும். பிவிசி பைப்பில் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதற்குள் இருக்கிற நண்டு வளைகளை எண்ண வேண்டும். நமக்குப் பிடித்த இடத்தில் வைக்கக் கூடாது. புள்ளி எங்கே விழுந்ததோ, அங்கேதான்.

போன கோடையில் இதை ஒரு குடும்ப விழாவாகவே நடத்தினோம். நம் ஊரில் எதைத்தான் தனியாகச் செய்திருக்கிறோம்? பிரபு, கலாவின் தம்பி. புவனகிரியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வந்துவிடுவான். கிள்ளையில் ராஜாங்கம் அண்ணன் படகு. நான் — உணவுத் துறை. கலாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆறாத நேரம், சேற்றில் இறங்கக் கூடாது. அதனால் படகிலேயே உட்கார்ந்து தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிரபுவும் ராஜாங்கமும் இறங்கிச் சட்டம் வைத்து, எண்ணி, அங்கிருந்தே குரல் கொடுப்பார்கள். வைத்த இடத்திலெல்லாம் நண்டு. கலா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் கைடு மேடத்திடம் போகிற வரைக்கும்தான்.

அன்று சிதம்பரத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். மேடம் ரூம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பக்கம் புரள்கிற சத்தம். அப்புறம் மேடம் குரல்.

"கலா... உங்க உப்பங்கழியில நண்டு இல்லாத இடமே கெடையாதா?"

"மேடம்?"

"ஒரு இடத்துலகூட பூஜ்யம் வரலியே. மரத்தடியில, உப்பு பூத்த மேட்டுல, மணல்ல, எல்லாத்துலயும் நல்ல கூட்டம். ரேஷன் கடை மாதிரி சமமா பிரிச்சுக் குடுத்துட்டாங்களா? எங்க இல்லன்னு தெரியாம, எங்க இருக்குன்னு எப்டிம்மா சொல்றது? இதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. மழைக்கு முன்னாடி மறுபடியும் எடுக்க முடியுமான்னு பாருங்க."

கலா வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். காரில் ஏறி உட்கார்ந்து, "புவனகிரிக்கு விடுங்க" என்றாள்.

பிரபு கடையில் யாருக்கோ பிரேக் ஷூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா முகத்தைப் பார்த்ததுமே கஸ்டமரை அனுப்பிவிட்டான்.

"பிரபு, உண்மையைச் சொல்லு. புள்ளி காட்டுன எடத்துலதான் சட்டத்தை வச்சியா?"

"அங்கதான்க்கா வச்சேன்."

"பிரபு."

மேஜையில் இருந்த நட்டு ஒன்றை உருட்டினான். "அங்கதான்... சில எடத்துல மட்டும் ரெண்டடி தள்ளி அட்ஜஸ்ட் பண்ணேன். அங்க வெறும் சேறுக்கா. நீ கால் வலியோட படகுல உக்காந்துக்கினு ஆசையா என்னையே பாத்துக்கினு இருக்க. ஒண்ணும் இல்லன்னு எந்த வாயால சொல்றது? உன் முகம் வாடிடுமே!"

கலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ராஜாங்கத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த மனுஷன் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமாங்க டீச்சரம்மா. உங்க புள்ளி சில நேரம் ரொம்ப மோசமான எடத்துல வந்து நின்னுடும். நான்தான் படகை நல்ல பக்கமா கொண்டாந்து கட்டுவேன். தேடி வந்தவுங்களுக்குக் காலி இலை போட்டு அனுப்புவாங்களா, சொல்லுங்க?"

ஆக, ஒருத்தர் படகைத் தள்ளிக் கட்டியிருக்கிறார். ஒருத்தன் சட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறான். ஒருத்தர் செய்வது இன்னொருத்தருக்குத் தெரியாது! இரண்டு பேரும் சேர்ந்து பாசத்தாலேயே ஒரு ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

கலா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலியே!" என்றேன்.

"அதான் தெரியுமே" என்றாள்.

இந்த 'அட்ஜஸ்ட்' இருக்கிறதே — இது நம் ரத்தத்தில் ஊறியது. கல்யாண வீடியோவில் எப்போதாவது காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறீர்களா? கேமராமேன் முதல் வரிசையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். பொங்கலன்று எங்கள் தெருவில் தலைகளை எண்ணிப் பார்த்தால் ஏதோ மாநகரம் மாதிரி இருக்கும். மறு வாரம் வந்து பாருங்கள், பாதி வீட்டில் பூட்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் "ஒண்ணும் இல்ல, எல்லாம் நார்மல்" என்போம். நமக்குப் பிடித்தவர்களிடம் நிறைந்த இடத்தை மட்டும்தான் காட்டுவோம். காலி இடத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்போம். கெட்ட எண்ணம் கிடையாது... பாசம்தான். ஆனால் பாசத்தை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாதே?

கலா அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டேய், என் முகம் வாடினா வாடிட்டுப் போவட்டும்டா. இத்தினி வருசமா வாடாமலா இருந்துச்சு? எனக்கு நண்டு வேணாம். அங்க என்ன இருக்கோ அது வேணும்." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. பிரபு அக்கா கையைப் பிடித்துக்கொண்டான். நான் எதிரே மாட்டியிருந்த டயர் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை வருவதற்குள் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி எடுத்தாக வேண்டும். மழை இறங்கிவிட்டால் வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் வரும், அப்புறம் சேறு ஏது, எண்ணுவது ஏது? லீவு போட்டுக் கிளம்பினோம். இந்தத் தடவை ஒரே ஒரு ரூல். அட்ஜஸ்ட் என்ற வார்த்தையை யார் வாயில் எடுத்தாலும் அன்றைக்குப் புளியோதரை கிடையாது. அப்புறம், கலாவே சேற்றில் இறங்குவதாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் யோசித்து, முட்டிக்கு ஒரு பெல்ட் போட்டு, ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினார். கம்பை ஊன்றி, ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால் "வலிக்குது" என்றாள். அட்ஜஸ்ட் இல்லாத பதில்!

அப்போது வந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த முதல் பூஜ்யம், அந்த 'சூப்பர்'.

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தீர்களா? அங்கேதான் தப்பு. அக்காவுக்கு பூஜ்யம் பிடித்திருக்கிறது என்று பிரபுவுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த புள்ளியிலும் "இன்னொரு முட்டைக்கா!" என்றான். அதற்கடுத்ததிலும் முட்டை. முகமெல்லாம் பல்லாக நிற்கிறான். கலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனை வாங்கிப் பார்த்தாள். புள்ளி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்! கூட்டமாக வளை இருந்த இடத்தை விட்டுவிட்டு, வெறும் சேறாகப் பார்த்துத் தள்ளி வைத்திருக்கிறான்.

"அடப்பாவி! இப்ப முட்டைக்காக அட்ஜஸ்ட் பண்றியா?"

"நீதானக்கா சந்தோசப்பட்ட..."

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள். திட்டவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ராஜாங்கம் அண்ணன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். கலா அந்த இரண்டு புள்ளிகளையும் மறுபடி எடுக்க வைத்தாள். அப்புறம் ஒரு ரூல் போட்டாள்.

"இனிமே நண்டு இருந்தாலும் நான் சிரிக்க மாட்டேன், இல்லன்னாலும் சிரிக்க மாட்டேன். நீயும் மொகத்தைச் சாதாரணமா வச்சுக்கினு சொல்லணும். இருக்குன்னாலும் ஒரே குரல், இல்லன்னாலும் ஒரே குரல். என் மொகத்தைப் பாக்காத. சட்டத்தைப் பாரு."

அதற்கப்புறம் எங்கள் படகைப் பார்த்தவர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை. பிரபு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சொல்வான். கலா கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவாள். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அமைதியாக ஒரு பிக்னிக் போனது கிடையாது. ஆனால் ஒன்று. மேப்பில் ஒரு உருவம் வர ஆரம்பித்தது. ஓடைக்கரையில் நெரிசல், மரத்தின் அடர்ந்த நிழலில் குறைவு, உப்பு மேட்டில் சுத்தமாகக் காலி. முன்னே எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தபோது கண்ணுக்குத் தெரியாதது, காலி இடங்கள் வந்த பிறகு பளிச்சென்று தெரிந்தது.

கடைசியாக மிச்சமிருந்த சில புள்ளிகள் ஒரு பழைய இறால் குட்டைக்குள் விழுந்திருந்தன. இறாலுக்கு நோய் வந்து, யாரோ எப்போதோ கைவிட்ட குட்டை. சுற்றிலும் மண் கரை. உள்ளே வெடித்த சேறு, வெள்ளையாக உப்பு.

"அங்க எதுக்குங்க டீச்சரம்மா?" என்றார் ராஜாங்கம். "அது செத்த எடம். போன தபா வெளிக்கரையிலதான் கட்டுனேன், உங்களுக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல, உள்ள போலாம்" என்றாள் கலா.

போனோம். வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. முதல் புள்ளி. "இல்ல." அடுத்தது. "இல்ல." மறுபடியும் "இல்ல." நான்கூட டப்பாவைத் திறக்கலாமா என்று யோசித்துவிட்டேன். போன மழையில் குட்டையின் ஒரு மூலையில் கரை உடைந்து, அந்த வழியாக ஓடைத் தண்ணீர் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. கடைசிப் புள்ளி அதற்குப் பக்கத்தில். பிரபு சட்டத்தை வைத்துவிட்டுக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"என்னடா?"

"இருக்கு." ஒரே குரலில்தான் சொன்னான். ஆனால் உதடு நடுங்குகிறது. "குட்டியூண்டு வளைக்கா. நெறய. நான் தள்ளி வைக்கலக்கா... அம்மா மேல சத்தியமா தள்ளி வைக்கல!"

கலா தான் போட்ட ரூலைத் தானே மறந்தாள். கம்பை விட்டுவிட்டு, கிட்டத்தட்டத் தவழ்ந்தே போனாள். நானும் இறங்கினேன் — ஆமாம், நான்தான், வேட்டியோடு! அசையாமல் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வளையிலிருந்து உளுந்து அளவு ஒரு நண்டு வெளியே வந்தது. நின்றது. தன்னுடைய அந்த ஒற்றைக் கையைத் தூக்கி ஆட்டியது.

கலா அழுதாள். வெளிப்படையாக, முகத்தை மூடாமல் அழுதாள். "யாரும் கொண்டாந்து விடலங்க. ஓடைக்கரையில கூட்டம் ஜாஸ்தி. அதுங்க பொரிச்ச குஞ்சுங்க தண்ணியிலயே மெதந்து சுத்திக்கிட்டு இருந்திருக்கும். கரை ஒடைஞ்சு வழி கெடைச்சதும் இங்க வந்து எறங்கிடுச்சு. செத்த எடம்னு சொன்னீங்களே அண்ணே... காலியா இருந்துச்சு, அவ்ளோதான்."

ராஜாங்கம் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேளைங்க, வெளிக்கரையில கட்டல" என்றார்.

திரும்பி வரும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. காலியைக் காலி என்று எழுதியதால்தான் அந்த மூலைக்கு மதிப்பு. சுற்றிலும் இத்தனை 'இல்லை' இல்லாவிட்டால் அந்த ஒரு 'இருக்கு' எங்களுக்கு என்ன சொல்லியிருக்கும்? நிறைந்த இடங்கள் எப்படி நிறைகின்றன என்பது காலி இடத்தில் போய் நின்றால்தான் தெரிகிறது. மனுஷர்களுக்கும் இது பொருந்தும் என்று ஒரு வரி எழுதலாம்... வேண்டாம், கலா படித்தால் "அட்ஜஸ்ட் பண்ணாதீங்க" என்பாள்.

இந்தப் புதன்கிழமை கொட்டுகிற மழையில் மேடத்திடம் போனோம். நான் அதே பெஞ்ச். அதே பக்கம் புரள்கிற சத்தம். அப்புறம் மேடம் சொன்னார்.

"இப்பதான் கலா இது ஒரு நெசமான எடம் மாதிரி இருக்கு. இந்தக் குட்டையில இருந்தே ஆரம்பிச்சு எழுதுங்க. பொங்கலுக்கு முன்னாடியே நான் கையெழுத்துப் போடறேன்."

கலா வெளியே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த வயதில், காலேஜ் வராண்டாவில், மாணவர்கள் பார்க்க! நான் அப்படியே பிரபுவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"என்னடா மச்சான், உனக்குச் சந்தோஷமே இல்லியா?"

"சந்தோசந்தான் மாமா. அக்காதான் இருக்குன்னாலும் இல்லன்னாலும் ஒரே குரல்ல சொல்லச் சொல்லியிருக்கு..."

மேலே ஏதோ சொல்ல வந்தான். குரல் ஒத்துழைக்கவில்லை.